கைவிடப்பட்ட முயல்களுக்குத் தற்காலிக இல்லம்: ஒரு மீட்புக் குழுவின் சேவை குறித்த மதிப்புரை

வளர்த்தவர்களால் வெளியில் விடப்பட்டு, அங்கேயே பெருகி, மனிதரைக் கண்டால் சிதறி ஓடும் முயல்களைப் பிடித்து, நிரந்தர வீடு அமையும்வரை தன்னார்வலர்களின் பொறுப்பில் வைத்திருக்கும் ஒரு மீட்புக் குழுவோடு ஐந்து மாதங்களுக்கு மேல் இணைந்திருந்தேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் முயலும், அது என் வீட்டில் ஈன்ற ஆறு குட்டிகளும் என் பொறுப்பில் இருந்தன. குழுவிடம் கண்ட குறைகளையும் இங்கே எழுதுவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். முயல்களுக்குத் தற்காலிக இல்லம் தர நினைக்கும் ஒருவர், எந்தக் குழுவோடு சேர்ந்தாலும் அதனிடம் எதைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதற்கு இந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயலைப் பிடிப்பது ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. பிடித்த பிறகு வரும் வாரங்களில், அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் உயிரையும், அதை எதிரில் வைத்துக்கொண்டு செய்வதறியாது நிற்கும் தன்னார்வலரையும் ஒரு குழு எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். இந்த அளவுகோலில் நான் சேர்ந்த குழு பெரும்பாலும் நிறைவாகவே நடந்துகொண்டது. சிறு குறைகளைத் தவிர இரண்டு பெரிய தவறுகளைச் செய்தது. அவற்றில் ஒன்று தாய் முயலின் உயிரைப் பறித்திருக்கக்கூடியது.

கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு காலி மனையில் முயல்கள் திரிவதைப் பார்த்து நான் அழைத்தபோது, குழுவினர் உடனே கூண்டோடு புறப்பட்டு வரவில்லை. முதலில் படங்களை அனுப்பச் சொன்னார்கள். அப்போது எனக்கு அது தாமதமாகத் தோன்றியது; இப்போது அதையே அவர்களின் பொறுப்புணர்வுக்கு முதல் சான்றாகக் கருதுகிறேன். தமிழில் முயல் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது இரண்டு வேறு விலங்குகளை. வெட்டவெளியில் வாழும் நீண்ட கால்களையுடைய காட்டு முயல் லெப்பஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் முயல்களோ, ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட, வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. காட்டு முயலின் குட்டி உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறந்து, புல்லிடையே அசையாமல் தனித்துக் கிடக்கும். தாய் பொழுது சாய்ந்த பிறகு வந்து பாலூட்டிவிட்டுப் போகும். அதை அநாதை என்று எண்ணி எடுத்து வருவது, தாயிடமிருந்து அதைப் பிரிப்பதாகவே முடியும். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட. நான் அனுப்பிய படங்களில் வெள்ளைத் திட்டுடையவை இருந்தன, காது தொங்கிய ஒன்று இருந்தது. அவற்றைக் கண்ட பிறகே இவை வீட்டு முயல்களின் வழிவந்தவை என்று உறுதி செய்தார்கள். வெளியில் சில தலைமுறைகள் கடந்தால் பழைய சாம்பல் பழுப்பு நிறமே மேலோங்கத் தொடங்கும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதையும் விளக்கினார்கள்.

அடுத்த கேள்விதான் என்னை அவர்களோடு சேர வைத்தது. எத்தனை முயல்கள் இருக்கின்றன என்று கேட்டார்கள்; விடியலிலும் அந்தியிலும் மூன்று நாள் எண்ணிப் பார்த்துவிட்டு 17 என்றேன். அத்தனைக்கும் இடமில்லை, ஏழு முயல்களை மட்டுமே இப்போது எடுக்க முடியும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பிடிப்பதற்கு ஆள் கிடைப்பதைவிட, பிடித்தவற்றை வைத்திருக்க இடம் கிடைப்பதே எங்கும் அரிதாக இருக்கிறது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வளாகத்தில் பெருகியிருந்த முயல்களை 2010, 2011 ஆண்டுகளில் அகற்றியபோதும், நூற்றுக்கணக்கானவற்றைக் கருத்தடை செய்து அனுப்ப முடிந்ததற்குக் காரணம், அவற்றை ஏற்க முன்வந்த சரணாலயங்கள் இருந்தமையே. இடமிருக்கும் அளவுக்கே பிடிப்பது என்னும் இந்தக் கொள்கையில் ஒரு துன்பமும் இருக்கிறது. பெண் முயலின் கருக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈன்ற அன்றே மீண்டும் கருத்தரிக்கவும் அதனால் முடியும். ஆகவே விட்டுவைத்த பத்து முயல்கள், நாம் அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பெருகத் தொடங்கிவிடும். எங்கள் மனையிலும் மூன்று முறையாக 7, 6, 6 என்று பிடித்து முடித்தபோது, இடையில் வளையிலிருந்து வெளிவந்த இரண்டு இளங்குட்டிகளையும் சேர்த்து மொத்தம் 19 ஆகியிருந்தன. இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போய் ஒரே அறையில் அடைப்பதைவிட இதுவே சரி என்பது என் கருத்து. அவ்வாறு அடைத்தால் ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். நோய் ஒன்றிலிருந்து அனைத்துக்கும் பரவும். பெண்கள் அங்கேயே கருத்தரிக்கும்.

பொறுப்பேற்குமுன் இரண்டு அமர்வுகளாகப் பயிற்சி தந்தார்கள். முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடைக்கு மிக மெல்லியது. பின்கால்களின் தசையோ வலிமை மிக்கது. பிடியில் பின்பாகத்தைத் தாங்காமல் விட்டால், அது உதறுகிற உதறலில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும். இதை ஒரு பொம்மையை வைத்து எங்களில் ஒவ்வொருவரையும் பலமுறை செய்து காட்டச் சொன்னார்கள். முயலை மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், அதைச் சுகமாக இருப்பதாகப் பலர் படம் எடுத்து மகிழ்கிறார்கள். அது பிடிபட்ட இரை செத்ததுபோல் கிடக்கும் அச்சநிலை என்று அவர்கள் சொன்னபோது, நான் முன்பு பார்த்து ரசித்த காட்சிகள் நினைவுக்கு வந்து வருந்தினேன்.

பிடித்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அமைதியாக நடந்தது என்பதே அதன் சிறப்பு. துரத்தவில்லை, வலை வீசவில்லை. சில நாள்களாகவே ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உணவு வைத்து, அங்கே மடக்குக் கம்பித் தடுப்புகளைத் திறந்த நிலையில் நிறுத்திப் பழக்கியிருந்தார்கள். விடியும் வேளையில் நான்கு பேர் மெல்ல நடந்து வளையத்தைச் சுருக்கினோம். உள்ளே வந்த முயலின் முகத்தைத் துண்டால் மூடியதும் அது அடங்கியது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் மருத்துவரிடம் சேர்த்தோம். முயலுக்கு வியர்வை இல்லை. காதுகளின் வழியாகவே அது பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஓட்டத்தாலும் அச்சத்தாலும் சூடேறிய உடலை மூடிய வண்டியில் வெயிலில் காக்க வைத்திருந்தால் சிலவற்றை இழந்திருப்போம்.

அன்றே ஒவ்வொன்றையும் பார்த்த மருத்துவர் முயல்களை அறிந்தவராக இருந்தது நல்வாய்ப்பு. காதுச் சொறிக்கும் தெள்ளுக்கும் மருந்திட்டார். நாய்க்குப் போடும் எந்த மருந்தையும் நீங்களாகப் போடாதீர்கள், குறிப்பாக ஃபிப்ரோனில் கலந்தவை முயலைக் கொன்றுவிடும் என்று எழுதியே கொடுத்தார். அமாக்ஸிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாய்வழி தந்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்க நேரும் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. அதை இன்றும் மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எனக்குத் தரப்பட்டது சாம்பல் நிறப் பெண் முயல்; எடை 1,900 கிராம்; இடது காதின் நுனி கிழிந்து ஆறியிருந்தது. அதோடு குழு தந்த பொருள்களைப் பற்றியும் மதிப்புரையில் சொல்லியாக வேண்டும். கம்பித் தடுப்பு, ஒளிந்துகொள்ள இரு வாயில்களையுடைய மரப்பெட்டி, கழிவுத் தட்டு, அதில் பரப்பக் காகிதக் குறுணை, உலர்த்திய தீவனங்களான திமோத்திப் புல்லும் குதிரைமசாலும் தனித்தனி மூட்டைகளாக, கிராம் வரை காட்டும் தராசு, கோடு போட்ட ஒரு குறிப்பேடு. தரையில் கம்பி வலை இல்லாத அமைப்பைத் தந்ததற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். முயலின் பாதத்தில் மெத்தையான தோல் திண்டு கிடையாது, கம்பியில் நின்றால் குதிகாலில் மயிர் தேய்ந்து புண்ணாகும். புல்லைப் பொறுத்தவரை ஒரு குறை உண்டு. முதல் மூட்டையின் அடிப்பகுதி ஈரம் பட்டுப் பூசண வாடை அடித்தது. சொன்ன மறுநாளே மாற்றித் தந்தார்கள் என்றாலும், புதிதாக வரும் ஒருவருக்கு அந்த வாடை தெரியாமல் போக வாய்ப்பிருக்கிறது. உலர்புல் வேறு, வைக்கோல் வேறு என்பதையே பலர் அறிவதில்லை. வைக்கோல் படுக்கைக்கு ஆகும்; உணவுக்குப் பயன்படுவது பசுமை மாறாமல் உலர்த்திய, மணம் வீசும் புல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை; நாளெல்லாம் நார் மிகுந்த புல்லைக் கொறித்தால்தான் பற்களும் தேயும், குடலும் ஓடும்.

தடுப்பின் உயரம் 60 செ.மீ. மட்டுமே. வீட்டில் பிறந்து வளர்ந்த சோம்பல் முயலுக்கு அது போதலாம். வெளியில் வளர்ந்த முயலுக்கு அது ஒரு தாவலில் கடக்கும் தூரம் என்பதை மூன்றாம் இரவில் என் முயல் காட்டியது. அலமாரிக்குப் பின்னால் புகுந்த அதை வெளியே கொண்டுவர விடிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அதன் இதயம் துடிப்பது விலாவில் தெரிந்தது. மறுநாள் 90 செ.மீ. தடுப்பும் மேலே மூடும் துணியும் வந்தன. தெருவில் வளர்ந்த முயல்களையே கையாளும் ஒரு குழு, இதை முதலிலேயே தந்திருக்க வேண்டும்.

முதல் 14 நாளும் தனிமைப்படுத்தல். அந்த அறைக்கென்று தனிச் செருப்பும் தனி மேலாடையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் வீட்டில் வேறு முயல் இல்லாதபோதும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. முயல்களுக்கு வரும் குருதிக்கசிவு நோயின் இரண்டாம் வகை வைரஸ் 2010இல் பிரான்ஸில் முதலில் அறியப்பட்டது. 2018இல் அது கனடாவின் வான்கூவர் தீவில், வெளியில் பெருகியிருந்த முயல்களிடையே பரவிப் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு பல வாரங்கள் உயிர்த்திருக்கக்கூடிய கிருமி அது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே முயலைச் சாய்த்துவிடும். எனக்கு வந்த முயலின் வழியாக அடுத்த தன்னார்வலரின் முயல்கள் சாகக்கூடாது என்ற அக்கறையை நான் மதிக்கிறேன்.

பிடிபட்ட எந்தப் பெண் முயலையும் கருவுற்றிருப்பதாகவே கருதுங்கள் என்பது இந்தக் குழுவின் விதி. மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றபோதும், முதல் நாளே ஈற்றுப் பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னார்கள். 11ஆம் நாள் மாலை அது வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு பெட்டிக்கும் தட்டுக்குமாக அலைந்தது. பிறகு தன் அலைதாடியிலிருந்தும் வயிற்றிலிருந்தும் மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் திணித்தது. மறுநாள் விடியலில் அந்த மயிர்ப் பொதிக்குள் ஆறு உயிர்கள் நெளிந்தன. கண் திறவாமல், மயிர் முளைக்காமல், விரல் நீளத்தில், ஒவ்வொன்றும் 40 கிராமுக்குச் சற்று மேலும் கீழுமாக இருந்தன.

இந்தச் சேவையின் மதிப்பை நான் முழுதாக உணர்ந்தது அன்றிரவு. தாய் முயல் நாள் முழுவதும் பெட்டியின் பக்கமே போகவில்லை. அறையின் எதிர்மூலையில் உட்கார்ந்திருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குட்டிகளைத் தாய் ஒதுக்கிவிட்டது, பால் எப்படிக் கொடுப்பது என்று நள்ளிரவில் குழுவின் எண்ணை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்த பெண்மணி, பதறாமல், "கையைக் கழுவிக்கொண்டு ஒரு குட்டியின் வயிற்றை மட்டும் பாருங்கள், உருண்டையாக இருக்கிறதா, ஒட்டிச் சுருங்கியிருக்கிறதா?" என்று கேட்டார். உருண்டையாக இருந்தது. அப்படியானால் தாய் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது என்றார். முயல் ஒரு நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே பாலூட்டும், அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். மற்ற நேரமெல்லாம் விலகியிருப்பது, வேட்டை விலங்குகளை வளையின் பக்கம் ஈர்க்காமலிருக்க அது செய்யும் காவல். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்று நான் கேள்விப்பட்டிருந்ததும் தவறு என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு தொலைபேசி இல்லாதிருந்தால், நலமாக இருந்த குட்டிகளின் வாயில் பசும்பாலைப் புகட்டிக் கொன்றிருப்பேன். கைவிடப்படாத குட்டிகள் பல, கைவிடப்பட்டவை என்று எண்ணிப் புகட்டும் பாலாலேயே இறக்கின்றன. புரையேறி நுரையீரலுக்குள் பால் போவதே போதும்.

தராசும் குறிப்பேடும் அந்த வாரங்களில் என் கண்களாக இருந்தன. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை எடுத்து, நெற்றியில் இட்ட மைப்புள்ளியால் அடையாளம் கண்டு, எழுதி, படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஆறில் ஐந்து முதல் வாரத்துக்குள் இரு மடங்காயின. ஆறாவது இரண்டாம் நாளிலிருந்தே பின்தங்கியது. நான்காம் நாள் தாயைத் துண்டில் சுற்றிப் பிடித்து, அந்த ஒன்றை மட்டும் தனியே பாலுக்கு விடச் சொன்னார்கள். இரண்டு முறை குடித்தது. ஆறாம் நாள் காலை அது குளிர்ந்து கிடந்தது. குழுவிடம் சொன்னபோது, "நீங்கள் எழுதியனுப்பியதில் எந்த நாளும் விடுபடவில்லை, செய்யக்கூடியதைச் செய்தீர்கள்" என்றார்கள். வெற்று ஆறுதலாக அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எண்கள் அவர்கள் முன்னால் இருந்தன. மற்ற ஐந்தும் பத்து, பதினொன்றாம் நாள்களில் கண் திறந்தன. மூன்றாம் வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வந்து, தாயின் தட்டிலிருந்து குதிரைமசால் இலைகளை இழுத்துத் தின்றன.

குட்டிகளைப் பழக்குவது எளிதாக நடந்தது. பிறந்த முதல் வாரத்திலிருந்தே நாளுக்குச் சில நிமிடம் மனிதக் கையை உணர்ந்தவை அவை. தாயைப் பற்றிச் சொல்வதற்குத்தான் நிறைய இருக்கிறது. அன்பு காட்டினால் எந்த விலங்கும் நெருங்கும் என்ற எண்ணத்தோடு நான் இதில் இறங்கினேன். குழு என்னிடம் சொன்னது வேறு: நீங்கள் நெருங்காதீர்கள், அது நெருங்கும் இடத்தில் இருங்கள். நாள்தோறும் அந்தியில் தடுப்புக்குள் தரையில் அமர்ந்து, முயலைப் பார்க்காமல் ஏதேனும் படித்துக்கொண்டிருக்க வேண்டும். மனிதரின் நேர்ப்பார்வை அதற்குக் கொன்றுண்ணியின் பார்வை. மேலிருந்து நீளும் கை அதற்குப் பருந்து. முதல் மூன்று வாரமும் நான் உட்கார்ந்ததும் அது பின்காலால் தரையை ஓங்கி அறைந்துவிட்டுப் பெட்டிக்குள் போய்விடும். நான்காம் வாரம் அறையவில்லை. ஆறாம் வாரம் நான் இருக்கும்போதே புல் தின்றது. ஒன்பதாம் வாரத்தில் ஒரு மாலை, கழுத்தை முடிந்தவரை நீட்டி, பின்கால்களை ஓடுவதற்கு ஆயத்தமாகவே வைத்துக்கொண்டு, என் முழங்காலை முகர்ந்து பார்த்தது. குறிப்பேட்டில் "அச்சம்" என்று தனிப் பத்தி ஒன்று உண்டு. காது எப்படி இருந்தது, நான் எழுந்து வெளியே வந்தபின் எத்தனை நிமிடத்தில் தின்னத் தொடங்கியது, புழுக்கை எப்படி இருந்தது என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். முன்னேற்றம் என்பதே கண்ணுக்குத் தெரியாத அந்த வாரங்களில், ஐந்தாம் வாரத்துக் குறிப்பை இரண்டாம் வாரத்துக் குறிப்போடு ஒப்பிட்டு, "தின்னத் தொடங்கும் நேரம் 50 நிமிடத்திலிருந்து 20ஆகக் குறைந்திருக்கிறது, பாருங்கள்" என்று குழு ஒருங்கிணைப்பாளர் காட்டியதால்தான் நான் மனம் தளராமல் இருந்தேன்.

இனி தவறுகள். முதலாவது, குட்டிகள் ஆணா பெண்ணா என்று அறிவதில் நேர்ந்தது. ஒன்பதாம் வாரத்தில் வீட்டுக்கு வந்த ஒரு தன்னார்வலர் குட்டிகளைப் பார்த்து மூன்று பெண், இரண்டு ஆண் என்று குறித்தார். பத்தாம் வாரத்தில் அந்த இரண்டு ஆண்களும் வேறிடம் சென்றன. 12ஆம் வாரத் தொடக்கத்தில், பெண் என்று விட்டுவைத்த ஒன்றுக்கு விதைகள் இறங்கியிருப்பதைக் கண்டேன். இளங்குட்டிகளில் இந்த வேறுபாட்டை அறிவது கடினம்தான், அனுபவமுள்ளவர்களும் தவறுவார்கள். என் குறை அதுவல்ல. தவறுவது எளிது என்று தெரிந்திருந்தும், இரண்டாம் முறை பார்க்க அவர்கள் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. இரு வாரம் கழித்து மருத்துவர் தாயையும் பெண் குட்டிகளையும் பார்த்துக் கருவில்லை என்று சொல்லும்வரை நிம்மதியின்றித் தவித்தேன்; கருத்தரிக்கும் வயதை எட்டியிராத குட்டிகளைவிட, தாயை எண்ணியே அதிகம் அஞ்சினேன். பெருக்கத்தைத் தடுப்பதற்காகவே இருக்கும் ஒரு குழுவின் பொறுப்பிலேயே அது நிகழ்ந்திருந்தால் அதற்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்? என் கடிதத்துக்குப் பிறகு, எட்டாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் வெவ்வேறு இருவர் பார்க்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டாவது தவறு பெரியது. 17ஆம் வாரத்தில் தாய்க்குக் கருத்தடை அறுவை நடந்தது. முயலால் வாந்தி எடுக்க இயலாது என்பதாலும், அதன் குடல் நின்றுவிடக்கூடாது என்பதாலும், அறுவைக்கு முன் பட்டினி போடக்கூடாது என்பதுவரை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு அது தின்னவில்லை. தட்டில் புழுக்கை இல்லை. முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது, காதுகள் சில்லிட்டிருந்தன. குடலோட்டம் நின்றுபோவதன் அறிகுறிகள் இவை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாத முயலைக் காலைவரை வைத்திருக்கக்கூடாது. குழுவின் எண்ணை அழைத்தேன், உடனே எடுத்தார்கள், அவசரத்துக்கென்று குழு தந்திருந்த தாளில் குறிப்பிட்டிருந்த இரவு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். போனேன். அங்கே இரவில் நாய், பூனை மட்டுமே பார்ப்போம், முயலைப் பார்ப்பவர் பணியில் இல்லை என்றார்கள். அந்தத் தாள் எழுதப்பட்ட பிறகு யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. குழுவினர் மூன்று இடங்களை அழைத்து, முயலைப் பார்க்கும் வேறொரு மருத்துவரைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அவர் முதலில் படம் எடுத்து அடைப்பு இல்லை என்று உறுதி செய்தார். தோலுக்கடியில் நீர் ஏற்றினார். வலி மருந்து தந்தார். அதன் பின்னரே நார்த்தூளைக் கரைத்துச் சிரிஞ்சில் ஊட்டக் கற்றுத்தந்தார். மறுநாள் மாலை ஐந்து சிறிய, காய்ந்த புழுக்கைகள் தட்டில் விழுந்தன. அவற்றை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதியபோது என் கை நடுங்கியது. அந்த ஒரு மணி நேரத்தை நான் மன்னிக்க முயன்றிருக்கிறேன், மறக்க முடியவில்லை.

வீடு தேடித் தருவதில் குழு காட்டிய கண்டிப்பு சிலருக்கு எரிச்சலூட்டலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு. முயலைத் தனியாகத் தருவதில்லை. கருத்தடை செய்யாமல் தருவதில்லை. குழந்தைக்குப் பரிசாகக் கேட்பவரிடம் தருவதில்லை. ஆண் முயல் அறுவைக்குப் பின்னும் சில வாரங்கள் கருத்தரிக்கச் செய்யும் திறனோடு இருக்கும் என்பதால், அந்தக் காலம் முடியும்வரை பெண்ணோடு சேர்க்க விடுவதில்லை. பத்தாண்டு வரை வாழக்கூடிய விலங்கு இது என்பதை விண்ணப்பிப்பவர் முதல் உரையாடலிலேயே கேட்டுவிடுகிறார். யோசியாமல் வாங்கியவர்கள் வெளியில் விட்ட முயல்களின் பேரக்குட்டிகளைத்தானே நாங்கள் அந்த மனையில் பிடித்தோம். என்னிடமிருந்த குட்டிகளில் பெண்கள் இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டுக்குச் சென்றன. ஆண்கள் மூன்றும் வெவ்வேறு காலங்களில், ஏற்கெனவே துணை தேடிக்கொண்டிருந்த பெண் முயல்களுடைய வீடுகளுக்குப் போயின.

தாய்க்கு வீடு கிடைக்குமென்று நான் நம்பவில்லை. அதைத் தூக்க முடியாது. மடியில் வைக்க முடியாது. கையை நீட்டினால் இன்றும் விலகும். அதைப் பற்றி எழுதிய விவரத்தில் குழு எதையும் மறைக்கவில்லை: "தொட விரும்பாது. துணை முயலை விரும்பக்கூடும். அமைதியான வீடு தேவை." இதைப் படித்துவிட்டும் ஒருவர் கேட்டு வந்தார். அவரிடம் துணையை இழந்த, கருத்தடை செய்த வயதான ஆண் முயல் ஒன்று இருந்தது. இருவருக்கும் பழக்கமில்லாத ஓர் இடத்தில், முதலில் தடுப்புக்கு இருபுறமும், பின்பு நாளுக்குச் சில நிமிடம் ஒன்றாகவும் விட்டுப் பார்த்தார்கள். எட்டாம் நாள் என் சாம்பல் முயல் தலையைத் தாழ்த்தித் தரையோடு வைத்தது. அந்த ஆண் அதன் நெற்றியை நக்கியது. கிழிந்த காதின் மேல் அதன் மோவாய் படிந்திருக்கும் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

கம்பித் தடுப்பையும் தட்டையும் கிருமிநீக்கி கொண்டு கழுவி, வெயிலில் காயவைத்துத் திருப்பித் தந்துவிட்டேன். குறிப்பேட்டின் ஒரு படி முயலோடு புது வீட்டுக்குப் போயிருக்கிறது. அடுத்த முயலை ஏற்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். 90 செ.மீ. தடுப்பைத்தான் தர வேண்டும் என்று எழுதிக் கேட்டுப் பெற்றிருக்கிறேன். தாளிலுள்ள இரவு மருத்துவமனைகள் ஒவ்வொன்றையும் நானே அழைத்து, நள்ளிரவில் முயலைப் பார்ப்பவர் இருக்கிறாரா என்று கேட்டு, கேட்ட தேதியையும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.